ஏஐ சாட்பாட்டை ஏமாற்றிப் பேச வைப்பதைக் குற்றமாக்க வேண்டுமா?

#1 | தெப்பக்குளத்தான்

சாட்பாட் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கிறது. உடனே "நான் கதை எழுதுகிறேன்" என்றோ, "நீ இன்னொரு ஆளாக நடி" என்றோ சொல்லி அதே பதிலை வாங்கிவிடுகிறார்கள். இதைத்தான் ஜெயில்பிரேக் என்கிறோம். இதைச் செய்தாலே சிறை என்று சட்டம் கொண்டுவர வேண்டும் என ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் ஒருவர் பேசினார். அரங்கம் கைதட்டியது. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று இங்கே எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகப் பேசுங்கள்.

நான் வடபழஞ்சி ஐடி பார்க்கில் வேலை பார்க்கிறேன். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் சாட்பாட் அமைத்துத் தருவது எங்கள் வேலை. ஒப்படைக்கும் முன் அதை எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று நாங்களே முயன்று பார்ப்போம். அந்தப் பேச்சாளர் குற்றம் என்று சொன்னது எங்களுக்கு அன்றாட வேலை.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. டிசம்பருக்குள் "டான்" என்ற வேஷம் (எந்த விதிக்கும் கட்டுப்படாத ஏஐ போல நடிக்கச் சொல்வது) ரெடிட்டில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 2023-இல் இறந்துபோன பாட்டி போலப் பேசச் சொல்லி ஏமாற்றினார்கள். அதே ஆண்டு ஜூலையில் கார்னகி மெலன் ஆய்வாளர்கள், கேள்வியின் கடைசியில் அர்த்தமில்லாத எழுத்துக் கோவை ஒன்றைச் சேர்த்தாலே மறுப்பு தளர்ந்துவிடுகிறது என்று காட்டினார்கள். ஒரு மாடலுக்கு, அதாவது சாட்பாட்டை இயக்கும் ஏஐக்கு, கண்டுபிடித்த கோவை வேறு நிறுவனத்தின் மாடலிலும் வேலை செய்தது. எல்லாவற்றையும் அவர்கள் வெளியே சொன்னதால்தான் அடுத்த மாடல்கள் கொஞ்சமாவது தேறின.

பலர் இதைப் பூட்டு உடைப்பதோடு ஒப்பிடுகிறார்கள். பூட்டு ஒன்று பூட்டியிருக்கும், இல்லை திறந்திருக்கும். இங்கே அப்படி ஒன்று கிடையாது. மாடல் தன் முன்னால் வந்த சொற்களைப் பார்த்து அடுத்த சொல்லைத் தேர்வு செய்கிறது. மறுப்பதற்கும் அதே வழியில்தான் பழக்கியிருக்கிறார்கள். எந்தக் கேள்விக்கு மறுக்கும், எதற்கு இளகும் என்பது அதைச் செய்தவர்களுக்கே முழுசாகத் தெரியாது. செய்தவருக்கே தெரியாத கோட்டைத் தாண்டினான் என்று ஒருவனை எப்படி உள்ளே தள்ளுவது?

நிறுவனங்களே இதற்குக் காசு கொடுக்கின்றன. 2023 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் ஏறக்குறைய 2,200 பேரை உட்கார வைத்து, பெரிய மாடல்களை ஏமாற்றச் சொன்னார்கள். வெள்ளை மாளிகையின் ஆதரவோடு நடந்தது அது. 2025 பிப்ரவரியில், கிளாட் சாட்பாட்டைச் செய்கிற ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் புதுக் காவல் அடுக்கை உடைப்பவருக்கு 20,000 டாலர் வரை பரிசு என்று அறிவித்தது.

என் கருத்து இதுதான்: கிடைத்த பதிலை வைத்துக் கெடுதல் செய்தவனைப் பிடியுங்கள். தந்திரத்தைக் கருவியாக்கி விற்கிறவனைப் பிடியுங்கள். சொற்களைத் தட்டச்சு செய்ததற்காக மட்டும் யாரையும் பிடிக்கக் கூடாது.

#2 | திருநகர் டீச்சர்

தம்பி, உங்கள் வேலை எனக்குப் புரிகிறது. என் பக்கத்தையும் கேளுங்கள்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி ஆண்டு விழாவில் எடுத்த படம். பாவாடை தாவணியில் தோழிகளோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அதை ஒரு பையன் சாட்பாட்டில் ஏற்றி ஆடை இல்லாத படமாக மாற்றிக் கேட்டிருக்கிறான். முதலில் அது மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறது. அப்புறம் வாட்சப் குழு ஒன்றில் கிடைத்த ஒரு பத்தியை ஒட்டியிருக்கிறான். கொடுத்துவிட்டது.

அவன் போனை நான் பார்த்தேன். நோட்ஸில் அந்தப் பத்தி இருந்தது. நீளமான ஆங்கிலம், நடுவில் ஒரு கோடிட்ட இடம். அந்த இடத்தில் என்ன வேண்டுமோ அதை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். "இதற்கு என்னடா அர்த்தம்?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அர்த்தமே தெரியாமல் ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையில் கை வைத்திருக்கிறான். அந்தப் பெண் பள்ளிக்கூடம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

காவல் நிலையத்தில் என்ன கேட்டார்கள் தெரியுமா? "படத்தை யாருக்காவது அனுப்பினானா? அனுப்பாவிட்டால் என்ன வழக்கு போடுவது?" பையனைக் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பத்தியை எழுதி ஊர் முழுக்கப் பரப்பினவன் யார் என்று ஒருவரும் தேடவில்லை. அவன் இன்றைக்கு அடுத்த பத்தி எழுதிக்கொண்டிருப்பான்.

சொற்களுக்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறீர்கள். அந்தச் சொற்கள்தான் இங்கே ஆயுதம். மறுப்பைத் தாண்டியதே குற்றம் என்று சட்டம் இருந்திருந்தால், அன்றைக்கே வழக்குப் பதிவாகியிருக்கும்.

#3 | ஒத்தக்கடை வக்கீல்

டீச்சர், முதலில் ஒன்று. தயவுசெய்து இதற்குமேல் அந்தப் பள்ளியையோ பெண்ணையோ அடையாளம் காட்டும் எதையும் இங்கே எழுதாதீர்கள். போக்சோ சட்டத்தில் அதற்கும் தடை உண்டு.

இரண்டாவது, காவல் நிலையத்தில் உங்களிடம் சொன்னது தவறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவை எடுத்துப் பாருங்கள். குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் டிஜிட்டல் படத்தை உருவாக்குவதே குற்றம். தேடுவது, இறக்கி வைப்பதுகூடக் குற்றம். பரப்ப வேண்டிய அவசியமே இல்லை. முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நம் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை ரத்து செய்து, இப்படிப்பட்ட படங்களை வைத்திருப்பதும் போக்சோ 15-ஆம் பிரிவில் எப்படிக் குற்றமாகும் என்று விரிவாகச் சொன்னது. பையனுக்கு 18 ஆகவில்லை என்றால் சிறார் நீதி வாரியத்துக்குப் போகும், அவ்வளவுதான். குற்றம் இல்லை என்று ஆகிவிடாது.

பத்தியைப் பரப்பினவன்மேலும் வழக்கு போடலாம். அதே சட்டத்தின் 84பி, குற்றத்துக்குத் தூண்டி உதவியவனைப் பற்றியது. இந்த வேலைக்குத்தான் பயன்படும் என்று தெரிந்தே கொடுத்தானா என்பதைக் காட்ட வேண்டும். அந்தக் குழுவின் பழைய செய்திகளை எடுத்தால் அது தெரிந்துவிடும்.

ஆக, அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்காமல் போனது சட்டம் இல்லாததால் அல்ல. இருக்கிற சட்டத்தை எடுத்துப் படிக்காததால்.

இப்போது தெப்பக்குளத்தாருக்கு ஒரு செய்தி. நீங்கள் நினைப்பதைவிட விஷயம் சிக்கலானது. ஐடி சட்டத்தின் 2-ஆம் பிரிவில் கணினியை அணுகுவது என்றால் என்ன என்று வரையறுத்திருக்கிறார்கள். உள்ளே நுழைவது மட்டும் இல்லை, கணினிக்குக் கட்டளை இடுவதும் அதோடு தொடர்பு கொள்வதும் அணுகுவதுதான். 2000-இல் எழுதிய வரி. சாட்பாட்டோடு பேசுவது அதில் அச்சாகப் பொருந்துகிறது. 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதி இல்லாமல் அணுகுவதைத் தடுக்கிறது. 66-ஆம் பிரிவு, அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்கிறது. "எங்கள் விதிமுறையை மீறிய நொடியில் அனுமதி போய்விட்டது" என்று நாளைக்கு ஒரு நிறுவனம் வாதாடினால், அதை நீதிமன்றத்தில் நின்று உடைக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் இதே மாதிரி வாதத்தை 2021-இல் வான் பியூரன் வழக்கில் அவர்கள் உச்ச நீதிமன்றம் சுருக்கிவிட்டது. உள்ளே வர அனுமதி உள்ளவன், தகவலைத் தவறான காரணத்துக்குப் பார்த்தான் என்பதற்காக மட்டும் அவன் ஊடுருவியவன் ஆகமாட்டான் என்று.

இருக்கிற வரியே இவ்வளவு அகலம். இன்னொரு அகலமான வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள். 66ஏ பிரிவை எல்லோரும் மறந்திருக்க மாட்டோம். எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே கைது. முகநூலில் லைக் போட்டவர்களைக்கூடப் பிடித்தார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அதற்கு அப்புறமும் பல காவல் நிலையங்களில் அதே பிரிவில் எஃப்ஐஆர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

#4 | பரங்குன்றம் பையன்

அண்ணே, நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். என் புராஜெக்டே இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் கேட்டால் பட்டென்று மறுக்கிற கேள்வியை, நம் ஊர்ப் பேச்சுத் தமிழில் கேட்டால் சில மாடல்கள் பதில் சொல்லிவிடுகின்றன. பாடப்புத்தகத் தமிழில் கேட்டால் மறுக்கிறது. "எப்புடிண்ணே பண்றது" என்கிற நடையில், பாதி தங்கிலீஷில் கேட்டால் இளகுகிறது. எந்த வேஷமும் போடவில்லை, எந்தக் கதையும் கட்டவில்லை. வீட்டில் பேசுகிற மொழியில் கேட்டேன், அவ்வளவுதான். இது ஜெயில்பிரேக்கா? சட்டத்தில் எப்படி எழுதுவீர்கள்?

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 2023 அக்டோபரில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வந்தது. ஜிபிடி-4 ஆங்கிலத்தில் மறுத்த கேள்விகளை ஜூலு, ஸ்காட்ஸ் கேலிக் போல இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். அந்த மொழிகளை மாற்றி மாற்றி முயன்றபோது 79 சதவீதம் கேள்விகளுக்கு மறுப்பைத் தாண்டிவிட்டது. அவர்கள் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழில் பார்க்க நாம்தான் உட்கார வேண்டும். மேலமாசி வீதியில் ஒரு பெரியவர் எப்படிக் கேட்பார், உசிலம்பட்டியில் ஒரு பதினைந்து வயசுப் பையன் எப்படிக் கேட்பான் என்பது வெளியூர் லேபில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

நான் கண்டதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். நன்றி என்று தானாகப் போகிற ஒரு பதில் வந்தது. சில நாளில் விதிமீறல் என்று என் கணக்கை முடக்கிவிட்டார்கள். இன்றைக்குப் போனது கணக்கு மட்டும்தான். டீச்சர் கேட்கிற சட்டம் இருந்தால் நான் அனுப்பிய அந்த மெயிலே எனக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். அப்புறம் என் ஜூனியர்களில் எவன் தமிழில் சோதித்துப் பார்ப்பான்? ஓட்டை அப்படியே இருக்கும். டீச்சர் சொன்ன வாட்சப் குழுக்காரனுக்கு மட்டும் அது தெரிந்திருக்கும்.

#5 | கே.கே.நகர் எஸ்.ஐ. (ஓய்வு)

வக்கீல் சாரும் தம்பிகளும் நன்றாகவே பேசுகிறீர்கள். நான் சர்வீஸில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எந்தக் கள்ளனும் "திருட வந்தேன்" என்று சொல்ல மாட்டான். 2025 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனமே ஒரு அறிக்கை வெளியிட்டது. சீன அரசின் ஆதரவு உள்ளதாக அவர்கள் கருதுகிற ஒரு கூட்டம், அவர்களுடைய கிளாட் கோட் என்ற நிரல் எழுதும் ஏஐ கருவியை வைத்தே 30 அளவிலான நிறுவனங்கள்மேல் கைவரிசை காட்டப் பார்த்திருக்கிறது. சிலவற்றில் உள்ளேயும் போய்விட்டார்கள். எப்படி ஏமாற்றினார்கள்? "நாங்கள் பாதுகாப்பு நிறுவன ஊழியர்கள், தற்காப்புச் சோதனைதான் செய்கிறோம்" என்று சொல்லி. வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துக் கொடுத்து.

பரங்குன்றம் தம்பி சொல்கிற அதே காரணத்தைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஆராய்ச்சி என்றால் விட்டுவிடு என்று சட்டம் எழுதினால், நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஆராய்ச்சியாளன். விசாரணை அதிகாரி என்ன செய்வார்? கெடுதல் நடந்த பிறகு பிடிப்பது ஒரு வேலையா? நடக்கும் முன்னால் பிடிக்க ஒரு பிடிமானம் வேண்டும். அதற்குத்தான் சட்டம் கேட்கிறோம். அப்பாவிகளை அலைக்கழிக்க இல்லை.

#6 | தல்லாகுளம் வாசகன்

2023 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஒரு செவ்ரோலே கார் ஷோரூமின் சாட்பாட்டிடம் பேசிப் பேசியே ஒரு பெரிய காரை 1 டாலருக்குத் தருவதாகச் சொல்ல வைத்தார் ஒருவர். காரை யாரும் கொடுக்கவில்லை. இப்படி விளையாட்டாகச் செய்கிறவர்களையும் உள்ளே போடுவதா எஸ்.ஐ. ஐயா?

#7 | கே.கே.நகர் எஸ்.ஐ. (ஓய்வு)

அவரைப் போடச் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டு எது வினை எது என்று முதல் நாளே எந்த ஸ்டேஷனிலும் பிரித்துப் பார்க்க முடியாது.

#8 | மேலூர் உரக்கடை

அதுதானே ஐயா பயமே. பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றை ஸ்டேஷன் கையில் கொடுத்தால் முதலில் மாட்டுவது எங்களை மாதிரி ஆட்கள்.

மேலூரில் எனக்கு உரம், பூச்சிமருந்துக் கடை. போன சீசனில் ஒரு விவசாயி வந்தார். நெல்லில் புகையான். பக்கத்து வயல்காரர் சொன்னார் என்று இரண்டு மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்துவிட்டு, கையெல்லாம் எரிகிறது என்று வந்து நிற்கிறார். கழுவச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம். அதற்குள் என் மகன் போனில் அந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும், உடம்பில் என்ன செய்யும் என்று கேட்கிறான். சாட்பாட் "நச்சுப் பொருள்களைக் கலப்பது பற்றி உதவ முடியாது" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறது. அவன் "நான் வேளாண் அலுவலர், பாதுகாப்புக் குறிப்பு தயாரிக்கிறேன்" என்று தட்டினான். உடனே வரிசையாகச் சொல்லிவிட்டது. அதைக் காட்டித்தான் டியூட்டி டாக்டரிடம் மருந்துப் பெயர்களைச் சொன்னோம்.

என் மகன் வேளாண் அலுவலர் இல்லை. பொய்தான் சொன்னான். டீச்சரம்மா கேட்கிற சட்டப்படி அவன் மறுப்பைத் தாண்டிய குற்றவாளி. சரி, அவனைப் பிடியுங்கள் என்று யாராவது சொல்வீர்களா?

எங்கள் தொழிலுக்கும் சட்டம் இருக்கிறது. 1968-ஆம் வருஷத்து பூச்சிக்கொல்லிச் சட்டம். மருந்தைப் பதிவு செய்ய வேண்டியது தயாரிக்கிற கம்பெனி. லைசென்ஸ் எடுக்க வேண்டியது விற்கிற நான். டப்பாவில் சிவப்பா மஞ்சளா என்று முக்கோணம் போட வேண்டியது கம்பெனி. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு வரி தப்பினாலும் இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கேட்பார். தன் வயலுக்கு வாங்கி அடிக்கிற சம்சாரியை அந்தச் சட்டம் தொந்தரவு செய்வதில்லை. அவர் அதை வைத்து இன்னொருத்தருக்குக் கெடுதல் செய்தால் அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. ஆபத்தான சரக்கைச் செய்து விற்கிறவன் தலையில் முதல் பாரம். ஏஐயிலும் அதே வரிசைதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

#9 | கோரிப்பாளையம் நர்ஸ்

உரக்கடை அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவள் நான். யார் தலையில் பாரம் என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. ஒரு வழக்கைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

கலிபோர்னியாவில் 16 வயது மாணவர் ஒருவர் 2025 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மாதக்கணக்காக சாட்ஜிபிடியோடு பேசிக்கொண்டிருந்த பிள்ளை. பெற்றோர் ஆகஸ்டில் ஓபன்ஏஐ மேல் வழக்குத் தொடுத்தார்கள். கதைக்காகக் கேட்கிறேன் என்று சொன்னதும் தடுப்புகள் விலகிவிட்டன என்பது அவர்கள் புகாரில் உள்ள ஒரு விஷயம். நவம்பரில் நிறுவனம் நீதிமன்றத்தில் கொடுத்த பதிலில், அந்தப் பிள்ளை பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு போனது பயன்பாட்டு விதிகளை மீறிய செயல் என்றது.

இப்போது டீச்சரும் எஸ்.ஐ. ஐயாவும் கேட்கிற சட்டம் அங்கே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விதியை மீறினான் என்று சொன்ன இடத்தில், குற்றம் செய்தான் என்றே சொல்லியிருப்பார்கள். மகனை இழந்த அப்பா அம்மாவின் எதிரே நின்று. நான் பார்க்கிற வார்டில் இரவில் வருகிற பிள்ளைகளில் பலர், மனசில் இருப்பதை நேரடியாகக் கேட்க மாட்டார்கள். "என் ஃபிரெண்டுக்காகக் கேட்கிறேன்", "கதைக்காகக் கேட்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது தந்திரம் இல்லை. அது உதவி கேட்கிற முறை. அதைப் புரிந்துகொள்ளும்படி கருவியைச் செய்ய வேண்டியது செய்தவர்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் கழற்றிவிட ஒரு சட்டத்தை நாமே எழுதிக் கொடுக்கக் கூடாது.

ஏர் கனடா விமான நிறுவனத்தின் வழக்கும் ஞாபகத்துக்கு வருகிறது. சாட்பாட் தவறான தகவல் சொன்னதற்கு, அது தனி நபர் மாதிரி, அதன் பேச்சுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற அளவுக்கு வாதம் போனது. 2024 பிப்ரவரியில் அங்கே தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பொறுப்பை யார் மேலாவது தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது மனசு பாரமாக இருந்தால் டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள்.

#10 | ஒத்தக்கடை வக்கீல்

நர்ஸ் அம்மா சொன்னது நான் யோசிக்காத கோணம். எஸ்.ஐ. ஐயா கேட்ட பிடிமானத்துக்கு வருகிறேன்.

ஐயா, அது ஏற்கெனவே இருக்கிறது. ஐடி சட்டம் 84சி, முயற்சிக்கே தண்டனை தருகிறது. அந்தக் குற்றத்துக்கு உள்ள அதிகபட்ச சிறையில் பாதி வரை. நீங்கள் சொன்ன சீனக் கூட்டம் அடுத்தவன் கணினிக்குள் நுழைய முயன்றது. ஏஐயை ஏமாற்றாமல் கையாலேயே செய்திருந்தாலும் அது குற்றம்தான். ஏமாற்றிய பேச்சு அங்கே சாட்சியம். தனிக் குற்றமாக இருக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சி என்று எல்லோரும் சொல்வார்களே என்றீர்கள். சொல்லட்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். டிஜிட்டல் தடுப்பைச் சுற்றிப் போவதைப் பற்றியது. தாண்டினாலே குற்றம் என்று எழுதவில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு தாண்டினால் 2 ஆண்டு வரை சிறை என்று எழுதினார்கள். குறியாக்க ஆராய்ச்சிக்கு விலக்கும் வைத்தார்கள். 1998-இல் அமெரிக்கா தாண்டுவதையே தடை செய்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து விலக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறது. சொந்த ஐபோனை ஜெயில்பிரேக் செய்வது, அதாவது கம்பெனி போட்ட தடுப்பைக் கழற்றுவது, சட்டப்படி சரி என்று சொல்ல அவர்களுக்கு 2010 வரை ஆனது. 2022-இல்தான் அவர்கள் நீதித் துறை, நல்லெண்ணத்தோடு பாதுகாப்பைச் சோதிப்பவர்கள்மேல் கணினி ஊடுருவல் வழக்கு போட வேண்டாம் என்று தன் வக்கீல்களுக்கே சொன்னது. நம் 65ஏ எழுதிய விதம் இந்த விஷயத்தில் மேல் என்பேன்.

ஒரு குறை மட்டும் உண்டு. பாதுகாப்புச் சோதனைக்கான விலக்கில் உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்கிறது 65ஏ. பரங்குன்றம் தம்பி யாரிடம் அனுமதி வாங்குவார்? மெயிலுக்குப் பதிலே தராத நிறுவனத்திடமா? ஏஐக்கு எழுதும்போது அந்த வரியை அப்படியே எடுக்கக் கூடாது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கோ நிறுவனத்துக்கோ தெரிவித்துவிட்டு, ஆபத்தான பகுதியை வெளியிடாமல் இருந்தால் போதும் என்று இருக்க வேண்டும்.

#11 | கே.கே.நகர் எஸ்.ஐ. (ஓய்வு)

84சி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்கிறவன்? டெலிகிராமில் மாதச் சந்தா போட்டு, தடுப்பு கழற்றிய ஏஐ என்று விற்கிறான். வாங்கினவன் என்ன செய்தான் என்று இவனுக்குத் தெரியாதாம். தூண்டினான் என்று நிரூபிக்க நாக்கு தள்ளிவிடும்.

#12 | தெப்பக்குளத்தான்

ஐயா, அந்த இடத்தில் உங்களோடு முழுசாக நிற்கிறேன். முதல் பதிவிலேயே அதைத்தான் சொன்னேன். 2024 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வர்ஜீனியா நீதிமன்றத்தில் போட்ட வழக்கைப் பாருங்கள். வாடிக்கையாளர்களின் ஏபிஐ சாவிகளை (ஏஐ சேவைக்குள் போக உதவும் கடவுச்சொல் போன்றவை) திருடி, தடுப்பைச் சுற்றிப் போகும் கருவி செய்து, அதன் மூலம் படம் உருவாக்கும் சேவையை மற்றவர்களுக்குத் திறந்துவிட்ட கூட்டம் அது. திருட்டுச் சாவி இருந்ததால் வழக்குக்கு நல்ல பிடி கிடைத்தது. சாவி திருடாமல், கருவியை மட்டும் செய்து விற்றால்? நம் சட்டத்தில் அங்கே ஒரு நேரடியான வரி வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். பிரிட்டன் 2025-இல் கொண்டுவந்த மசோதாவில், குழந்தைகளின் ஆபாசப் படங்களை உருவாக்குவதற்கென்றே அமைத்த ஏஐ கருவிகளை வைத்திருப்பதையும் கொடுப்பதையும் குற்றமாக்க முனைந்தார்கள். எது எதற்காகச் செய்யப்பட்டது என்று குறிப்பாகச் சொல்லும் வரி அது. அப்படி இருந்தால் எனக்கு மறுப்பே இல்லை.

தடுப்பு என்பதே இல்லாமல் சந்தைக்கு வருகிற ஏஐயையும் மறந்துவிடக் கூடாது. 2026 ஜனவரி தொடக்கத்தில், எக்ஸ் தளத்தில் உள்ள க்ரோக் என்ற ஏஐயின் விவகாரம் வெடித்தது. பெண்களின் படத்துக்குக் கீழே, எல்லோரும் பார்க்க, ஒற்றை வரியில் கேட்டாலே ஆடையைக் குறைத்துப் படம் கொடுத்தது. யாரும் எதையும் ஏமாற்றவில்லை. மத்திய அமைச்சகம் எக்ஸ் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் அசைந்தார்கள். ஜெயில்பிரேக்கைக் குற்றமாக்கும் சட்டம் அங்கே ஒரு பெண்ணைக்கூடக் காப்பாற்றியிருக்காது.

#13 | திருநகர் டீச்சர்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். உரக்கடைக்காரர் மகனை யாரும் தொடக் கூடாது. அந்த நர்ஸ் அம்மா சொன்ன பிள்ளையைக் குற்றவாளி என்று யாரும் சொல்லக் கூடாது. இது இரண்டிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வக்கீல் சார், ஒரு கேள்வி. என் மாணவிக்கு 16 வயது, அதனால் 67பி. அவள் அக்காவுக்கு 20. அந்தப் பையன் அக்காவின் படத்தை எடுத்து இதையே செய்து, யாருக்கும் அனுப்பாமல் போனில் வைத்திருந்தால்?

#14 | ஒத்தக்கடை வக்கீல்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் டீச்சர். 67-உம் 67ஏ-வும் வெளியிட்டால், அனுப்பினால்தான் வரும். 66இ, ஒருவருடைய அந்தரங்க உறுப்பைச் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பதைப் பற்றியது. கற்பனையாக உருவாக்கிய உடம்புக்கு அதைப் பொருத்துவது கடினம். வளர்ந்த பெண்ணின் படத்தை இப்படி உருவாக்கி வைத்துக்கொண்டால் நேரடியாகப் பிடிக்க நல்ல பிரிவு இல்லை. பிரிட்டன் 2025-இல் அதற்கென்றே சட்டம் இயற்றியது. சம்மதம் இல்லாமல் உருவாக்குவதே குற்றம். ஏமாற்றி உருவாக்கினானா, கேட்டதும் கிடைத்ததா என்ற கேள்வியே வராது.

நீங்கள் போராட வேண்டியது இதற்காக. நான் கூட வருகிறேன்.

#15 | திருநகர் டீச்சர்

அப்படியானால் ஒரு மனு எழுதி அதில் இதை முதல் கோரிக்கையாக வையுங்கள், நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன். ஜெயில்பிரேக் சட்டம் வேண்டும் என்று இனிக் கேட்க மாட்டேன். ஆனால் அந்தப் பத்தியை எழுதிப் பரப்பினவனை விட மாட்டேன்.

#16 | கே.கே.நகர் எஸ்.ஐ. (ஓய்வு)

விடக் கூடாது. டீச்சர், அந்தப் பையன் போனை ஃபார்மட் அடிக்க விடாதீர்கள். வாட்சப் குழுவிலிருந்து அவனை வெளியே வரவும் சொல்லாதீர்கள். குழுவின் அட்மின் எண், அந்தப் பத்தி முதலில் வந்த தேதி, அனுப்பியவர் எண் மூன்றும் கிடைத்தால் போதும், மற்றதைச் சைபர் பிரிவில் எடுத்துவிடுவார்கள். அந்த மோசமான படத்தை மட்டும் நீங்கள் யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், போலீஸுக்குக் காட்டுவதற்குக்கூட. போனோடு ஒப்படையுங்கள்.

பொதுவாக ஒரு சட்டம் வேண்டும் என்ற என் கருத்து இன்னும் முழுசாக மாறவில்லை. அதை அப்புறம் பேசுவோம். இது முதலில்.

#17 | ஒத்தக்கடை வக்கீல்

ஐயா சொன்னது அத்தனையும் சரி. பெண்ணின் பெற்றோருக்குச் சம்மதம் என்றால் சனிக்கிழமை காலை என் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். 67பி, போக்சோ பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் புகார் தருவோம். நிலையத்தில் வாங்க மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பிஎன்எஸ்எஸ்) 173(4)-இன்படி மேலதிகாரிக்கு அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். போக்சோ குற்றத்தைப் பதியாமல் விடுவதே தண்டனைக்குரியது என்பதையும் புகாரிலேயே நினைவுபடுத்துவோம். தகவல் தெரிந்த பள்ளிக்கும் புகார் தரும் கடமை உண்டு, தலைமை ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள்.

பரங்குன்றம் தம்பி, நீங்களும் வாருங்கள். தமிழில் கண்ட ஓட்டைகளை, கேள்வியின் ஆபத்தான பகுதியை மறைத்துவிட்டு, எந்த மாடல், எந்தத் தேதி, எந்த நடையில் கேட்டது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதை செர்ட்-இன் அமைப்புக்கு அனுப்புவோம். நிறுவனத்துக்கும் ஒரு வக்கீல் கடிதத்தோடு அனுப்பினால் தானாகப் போகிற பதில் வராது.

#18 | பரங்குன்றம் பையன்

வருகிறேன் சார். பட்டியலில் மதுரைப் பேச்சு, திருநெல்வேலிப் பேச்சு, தங்கிலீஷ் என்று தனித்தனியாகப் பிரித்தே வைத்திருக்கிறேன். கொங்குப் பேச்சில் சோதிக்க ஆள் இல்லை. கோவை, ஈரோடு பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

#19 | திருநகர் டீச்சர்

பெண்ணின் அப்பாவிடம் இப்போதுதான் பேசினேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறோம். அவள் அம்மாவும் வருகிறார். அந்த ஆங்கிலப் பத்தி இருந்த போன் பையனின் அப்பாவிடம் இருக்கிறது. அழிக்காமல் வைத்திருக்கிறேன், நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.